போகிற சேறு

"இந்தச் சதுப்பு நிலத்தில் ஒரு துகள் எங்கே போய் உட்காரப் போகிறது என்பது, அந்தத் துகளுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்."

சொன்னவர் சிரிக்கவில்லை. கரையோரப் பாதுகாப்பு அலுவலகத்தின் கூட்ட அறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த குழுவினரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் அதைக் குறித்துக்கொண்டார். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவருக்குத் துகளார் என்று பெயர் வந்தது. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனாலும் காதில் விழுந்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை. முப்பத்து மூன்று வயதில் மக்களே முன்வந்து பட்டம் கொடுத்தால் மறுப்பது மரியாதையில்லை என்று எடுத்துக்கொண்டார்.

அவர் பேச்சுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஊருக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிறது சதுப்பு. தினம் இரண்டு வேளை கடல்நீர் கழிமுகம் வழியாக ஏறி வந்து, உமரிச் செடிகளுக்கிடையில் பரவி, கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். அப்படி நிற்கும்போது தண்ணீரில் இருக்கும் வண்டல் மெல்ல அடியில் இறங்கிப் படியும். பிறகு தண்ணீர் மட்டும் திரும்பிப் போகும். இப்படியே மயிரிழை மயிரிழையாகத் தரை உயரும். தரை உயர்ந்துகொண்டே இருக்கிறவரை அலைகள் அதன்மேல் ஏறி மூச்சு வாங்கி, ஊர்க் கரைக்கு வந்து சேர்வதற்குள் களைத்துவிடும். அந்தக் கரைக்கு இந்தப் பக்கம் ஒரு தெரு. தெருவின் கடைசி வீடு துகளாரின் அக்காவுடையது.

கழிமுகத்தில் ஒரு மதகு இருக்கிறது. அதை வடிவமைத்தவர் துகளார்தான். கடல் கொந்தளிக்கிற நாளில் அது தானாகவே மூடிக்கொள்ளும். ஐந்து வருடங்களுக்கு முன் மதகு வந்த பிறகு அந்தத் தெருவுக்குள் ஒரு சொட்டு கடல்நீர் வரவில்லை. மதகுத் தூணில் அவர் ஒரு மீட்டரும் பொருத்தியிருந்தார். தண்ணீர் எவ்வளவு கலங்கலாக இருக்கிறது என்று அது இரவும் பகலும் சொல்லிக்கொண்டே இருக்கும். கலங்கல் என்றால் வண்டல். இரண்டு வருடங்களாக அந்த எண் ஏறிக்கொண்டே வந்தது. ஆகவே சதுப்பு தானாகவே கொழுத்து வளர்கிறது, பழைய கரையை உயர்த்த வேண்டிய அவசியமில்லை என்பது துகளாரின் முடிவு. அடுத்த கூட்டத்தில் குழு அதற்குக் கையெழுத்துப் போட இருந்தது.

இந்த முடிவை ஒரே ஒருத்தி மட்டும் முணுமுணுப்போடு ஏற்றுக்கொண்டாள். கல்லூரியில் துகளாரோடு ஒரே பெஞ்சில் படித்தவள், இப்போது அடுத்த அறையில் வேலை பார்க்கிறவள். எல்லாரும் அவளை ஊசி என்பார்கள். காரணம் அவளுடைய வேலை. சதுப்பில் சில இடங்களில், கெட்டியான அடித்தரை வரைக்கும் இரும்புக் கம்பி அடித்து இறக்கியிருந்தாள். கம்பியின் தலையில் ஒரு சட்டத்தை மாட்டி, அதிலுள்ள துளைகள் வழியாக மெல்லிய ஊசிகளைச் சேற்றின் மேல்தோல் தொடும்வரை இறக்குவாள். சேறு ஏறியிருந்தால் ஊசி உயர்ந்து நிற்கும், இறங்கியிருந்தால் தாழ்ந்து நிற்கும். கால் பட்டால் சேறு அமுங்கிவிடும். அதனால் இரண்டு முக்காலிகளுக்கு நடுவில் பலகை போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்துத்தான் அளக்க வேண்டும். ஊசி முனை சேற்றைத் தொடுகிற நொடியில் அவள் மூச்சைக்கூட நிறுத்திக்கொள்வாள்.

துகளாருக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடைக்கவில்லை.

"வாங்க வாங்க, சேத்துக்கு ஜோசியம் பாக்குற அம்மா வந்தாச்சு," என்றார், தேநீர் இடைவேளையில். "என்ன சொல்லுது சேறு? நேரம் நல்லாருக்காமா?"

"வடமேற்கு மூலைல எறங்கிருக்கு," என்றாள் ஊசி. பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எறங்கிருக்கா? மதகுல என் மீட்டர் கலங்கல் ரெண்டு மடங்குன்னு கத்துது. அவ்வளவு சேறு வந்து உக்கார்ற எடத்துல தரை எப்படிம்மா எறங்கும்? உன் கம்பி மேல எழும்பியிருக்கும், போய்ப் பாரு."

"கம்பி எழும்பாது."

"அப்ப நீ எறங்கிட்டே. பலகை வளைஞ்சிருக்கும்." அவர் மேசைமேல் இருந்த கோப்பைகளை ஓரமாக ஒதுக்கினார். பிறகு அலுவலகம் முழுக்கப் பார்க்க, மேசைமேல் குப்புறப் படுத்து, கையில் பென்சிலைப் பிடித்து, கன்னத்தை உப்பி, கண்ணைப் பிதுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பென்சிலைத் தரையை நோக்கி மெல்ல மெல்ல இறக்கினார். "பேசாதீங்க... யாரும் பேசாதீங்க... சேறு வெக்கப்படுது."

அறை வெடித்துச் சிரித்தது. இயக்குநரே கதவருகில் நின்று சிரித்தார். அவரை எல்லாரும் பெரிய சார் என்பார்கள். அவர் சிரித்துவிட்டால் அது அலுவலகக் கருத்து.

"இவ அளக்குறதப் பாத்தா, சேறுதான் இவள அளக்குதுன்னு தோணும்," என்று முடித்தார் துகளார், மேசையிலிருந்து இறங்கிச் சட்டையை நீவிக்கொண்டே.

அக்காவின் வீட்டு முன்னறையில் மூன்று தையல் இயந்திரங்கள். ஒன்றில் அக்கா, மற்ற இரண்டில் கூலிக்குத் தைக்கிறவர்கள். துகளார் போனது மதியச் சாப்பாட்டு நேரம். மற்ற இருவரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அக்கா பற்களில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு ஒரு சட்டைக் கையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அக்காவின் கணவர் வாசற்படியில் உட்கார்ந்து பஸ் டிரைவர் சீருடையின் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். மதிய வண்டி அவருடையது.

"வாடா, கடல் ராஜா," என்றாள் அக்கா, குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து. "உன்னத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். மேட்டுத் தெரு வீட்டுக்கு இந்த வாரத்துக்குள்ள சரி, வேண்டாம்னு சொல்லியாகணுமாம்."

கரையோரத் தெருக்காரர்கள் விரும்பினால் தங்கள் வீட்டைக் கொடுத்துவிட்டு மேட்டுத் தெருவில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று நகரசபை அறிவித்திருந்தது. வீடுகள் குறைவு. வேண்டாம் என்றால் அடுத்த நிமிடம் வரிசையில் நிற்கிறவருக்குப் போய்விடும். ஒருமுறை கை நழுவினால் நழுவியதுதான்.

"வேண்டாம்னு சொல்லு," என்றார் துகளார். "எதுக்கு மேட்டுக்குப் போகணும்? சதுப்பு வளருது. இன்னும் பத்து வருஷத்துல கடல் உன் வீட்டுப் பக்கமே எட்டிப் பாக்காது."

"அங்க முன்னறை இதுல பாதி. ரெண்டு மிஷின்தான் போடலாம். மேடு ஏறி எவ வருவா ஜாக்கெட் குடுக்க?" அக்காவுக்குப் போக மனமில்லை. அதற்கு ஒரு கெட்டிக்காரச் சாட்சி மட்டும்தான் தேவைப்பட்டது. "ஆனா இவரப் பாரு. போயிடலாம் போயிடலாம்னு ஒரே நச்சரிப்பு."

"பின்னாடி சுவரப் பாருங்க மாப்ள," என்றார் மாமா.

துகளார் போய்ப் பார்த்தார். அடுப்பங்கரைச் சுவரின் அடிப்பகுதி முழுக்க உப்பு பூத்திருந்தது. விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது.

"ஈரம் ஏறுது, அவ்வளவுதான். நல்ல பெயிண்ட் ஒண்ணு அடிச்சா போயிடும்."

"அடிச்சோம். பெயிண்டையும் தள்ளிக்கிட்டு வருது."

"மாமா, நான் படிச்சதே இதுதானே?"

"படிச்சீங்க, யார் இல்லேன்னா?" மாமா எழுந்து தொப்பியைத் தட்டினார். "மெக்கானிக் பிரேக் சரியாயிருக்குன்னு சொன்னாலும், நான் ஒரு தடவ மிதிச்சுப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுப்பேன். மெக்கானிக் மேல சந்தேகம்னு அர்த்தமில்ல. எனக்குப் பின்னாடி அறுபது பேரு உக்காந்திருக்காங்க."

அக்காவுக்கு முகம் சுருங்கியது. தம்பியைப் பிரேக்கோடு ஒப்பிட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை. "சரி, நேர்ல காட்டுடா இவருக்கு. சேறு வர்றத கண்ணால பாத்துட்டா வாய மூடிப்பாரு. நானும் அதோட போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"நாளைக்கே வாங்க," என்றார் துகளார். கண்ணால் பார்த்துத்தான் நம்புவேன் என்கிறவர்களிடம் அவருக்கு ஒரு பெருந்தன்மை உண்டு. அவரே சதுப்பை நேரில் போய்ப் பார்த்து வருடக்கணக்காகிறது. திரையில் எண் வந்துவிடும், எதற்குப் போக வேண்டும்?

தண்ணீர் ஏறுகிற நேரத்துக்குச் சரியாக அங்கே இருக்கும்படி அவர் திட்டம் போட்டிருந்தார். ஆனால் மாமாவின் வண்டி ஏதோ ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டது. மூவரும் மதகுப் பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தண்ணீர் தூண்களுக்கிடையில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. பால் கூடுதலாக ஊற்றிய தேநீர் நிறம்.

"அப்பா, எவ்வளவு கலங்கல்!" என்றாள் அக்கா, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து.

"இதுக்கே அசந்துட்டா எப்படி?" துகளார் கையை நீட்டினார். வகுப்பு எடுக்கிற குரல் தானாக வந்தது. "களிமண் துகள் தனியா இருந்தா ரொம்ப லேசு, உக்காரவே உக்காராது. உப்புத் தண்ணில சேந்ததும் ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்கும். கனமாயிடும். இதோ பாரு, இந்த ஒவ்வொரு துகளும் நேரா நம்ம சதுப்புல போய்..."

அவர் விரல் ஓடுகிற தண்ணீரைத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் எங்கே போனதோ அங்கே போனது. பேச்சு நின்றபோது விரல் கடலைக் காட்டிக்கொண்டிருந்தது.

அவர் விரலைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். வற்றம். தண்ணீர் சதுப்புக்குள்ளிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. சதுப்பின் நடுவில் அமைதியாக நின்று, சேற்றையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு வருகிற தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். இது கூழாக இருந்தது. ஓர் உமரிச் செடி, வேரோடும் வேரைப் பிடித்த மண்ணோடும், பாலத்துக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வந்து கடலுக்குப் போனது. அதன் பின்னால் இன்னொன்று.

மதகைக் கட்டிய வருடத்தில், போகிற தண்ணீர் தெளிவாகத்தானே போகும் என்று நினைத்து, மீட்டர் சொல்கிற கலங்கல் அத்தனையையும் வரவில் சேர்க்கும்படி அவர் கணினிக்குச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் நடமாட்டத்தை எண்ண ஓர் ஆளை உட்காரவைத்தார். நடமாட்டம் கூடக் கூட, வீட்டில் விருந்து களைகட்டுகிறது என்று ஊருக்கு அறிவித்தார். இரண்டு வருடமாக உள்ளே இருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா, பாதியில நிறுத்திட்டே?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. வெயில்."

"தொப்பி போட்டுட்டு வந்திருக்கலாம்ல." அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி. "பாத்தீங்கல்ல? திருப்திதானே?" என்றாள் கணவரிடம். மாமா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். சேறு கண்முன்னால் ஓடுவது உண்மைதான், அவர் என்ன சொல்ல? "உன் தம்பி சொன்னா சரிதான்," என்றார்.

"அக்கா..." என்றார் துகளார்.

"இருடா, ரிங் போகுது." அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். "சார், கடைசி வீட்டுத் தையக்கடையிலேருந்து பேசறேன். ஆமா சார். எங்களுக்கு மேட்டுத் தெரு வீடு வேண்டாம் சார். இல்ல, நல்லா யோசிச்சுட்டோம். எங்க தம்பிதானே மதகு கட்டினது, அவன் சொல்லிட்டான். ஆமா ஆமா, அவனேதான்!"

போனைப் பறித்திருக்கலாம். எட்டினால் தொடுகிற தூரம். துகளாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடிய ஒரே பொருள் தண்ணீர்தான். முதலில் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், உறுதியில்லாமல் பேசுவது அறிவியல் ஆகாது என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். உறுதியில்லாமல் அவர் அதுவரை பேசியவற்றைத் தொகுத்தால் ஒரு அலமாரி நிரம்பும். அன்றைக்கென்று பார்த்து அறிவியல் நினைவுக்கு வந்தது.

அலுவலகத்தில் எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். துகளார் கணினி முன் உட்கார்ந்து, தண்ணீர் ஏறும் நேரத்து எண்களையும் வற்றும் நேரத்து எண்களையும் தனித்தனியாகப் பிரித்தார். அதிகம் பாடுபட வேண்டியிருக்கவில்லை. ஐந்து நிமிட வேலை. ஐந்து வருடமாகச் செய்திருக்கக்கூடிய ஐந்து நிமிட வேலை.

அமைதியான நாட்களில் கடலிலிருந்து வந்த தண்ணீர் ஏறக்குறைய தெளிவு. போன தண்ணீர்தான் கலங்கல். வெளியே கடலில் உண்மையான சேறு கிளம்புவது கொந்தளிப்பு நாட்களில். அலை அடிக்கடலைக் கிளறி, சதுப்புக்கு ஒரு மாதச் சாப்பாட்டை ஒரே நாளில் தூக்கிக்கொண்டு வரும். சரியாக அந்த நேரத்தில் மதகு மூடிக்கொண்டது. மூடச் சொன்னது அவர்தான். சாப்பாடு வண்டி வருகிறபோதெல்லாம் வாசற்கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருக்கிற பிள்ளை ஏன் இளைக்கிறது என்றுகூடக் கேட்காமல், கொழுத்திருக்கிறது என்று எடை போடாமலே எழுதியிருக்கிறார்.

ஊசி பையை மாட்டிக்கொண்டு அறையைக் கடந்தாள். "நீ இன்னும் கெளம்பலயா?"

"வடமேற்கு மூலை," என்றார். "எவ்வளவு எறங்கிருக்கு?"

அவள் நின்றாள். கிண்டலுக்கு முன்னுரை என்று நினைத்திருப்பாள். அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே வந்து, திரையைப் பார்த்தாள். ஏறும் கோடு, வற்றும் கோடு.

"ஐயோ," என்றாள் கடைசியில்.

"உன் அறிக்கைல அந்த மூலை இல்லவே இல்லயே? நான் தேடிப் பாத்தேன்."

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா? ஏன்?"

"கம்பி எழும்பிருக்கும்னு நீ சொன்னியே." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "மூணு தடவ போய் அளந்தேன். மூணு தடவையும் எறக்கம். உன் மீட்டர் அப்படி ஏறுறப்ப, நான்தான் எங்கயோ தப்புப் பண்றேன்னு நெனச்சேன். கெட்டுப்போன அளவுன்னு தள்ளி வெச்சுட்டேன்."

"நான் என்னமோ ஒளர்றேன்னா நம்பிடுவியா? நீ டாக்டர் பட்டம் வாங்கினவதானே?"

"நீயும்தான் வாங்கினே! உனக்கு மட்டும் என்னடா பிரயோஜனம்?" பையைத் தோளிலிருந்து இறக்கி மேசைமேல் போட்டாள். "அன்னிக்கு மேசை மேல படுத்து நடிச்சியே. எல்லாரும் சிரிச்சாங்கள்ல? நானும்தான் சிரிச்சேன். அதுக்கப்புறம் எப்படி வந்து அந்த மூலையப் பத்திப் பேசறது?"

அவர் பேனாவை எடுத்து, அந்த மூன்று அளவுகளையும் அவளிடம் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அது புதுசு.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போனார். மூன்று இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் ஒரு வசதி இருந்தது, மெதுவாகச் சொல்லிவிடலாம். அவர் சொன்னார். சதுப்பு வளரவில்லை. தேய்கிறது. பின்சுவர் உப்புக்குப் பெயிண்ட் மருந்தில்லை. கரைக்கு அடியில் ஈரம் ஏறுவது அதனால்தான். மேட்டுத் தெரு வீட்டை விட்டிருக்கக்கூடாது.

அக்கா காலை எடுத்தாள். இயந்திரம் நின்றது. மற்ற இரண்டும் ஒவ்வொன்றாக நின்றன.

"எத்தன வருஷம் தாங்கும்?"

"தெரியல."

"தெரியலயா?" அவள் அவரை அன்னியரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "உனக்கா?"

"தெரியலக்கா."

அவள் எழுந்து சுவரோரம் மாட்டியிருந்த கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். பேசினாள். கேட்டாள். "அதுக்குள்ளயா?" என்றாள். வைத்துவிட்டாள். அந்த வீடு நேற்று மாலையே ஒரு பல் டாக்டர் குடும்பத்துக்குப் போய்விட்டது. அவர்கள் இன்று காலை சாவியும் வாங்கிவிட்டார்கள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு," என்றாள். திரும்பாமல் கேட்டாள். "நேத்து பாலத்துல நின்னப்ப உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல இடமிருந்தது. கணக்குப் போட்டது பிறகுதானே.

"தெரியும்."

"நான் போன் பண்றப்ப?"

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

தைக்கிறவர்கள் இருவரும் துணியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அக்கா திரும்பிவந்து உட்கார்ந்து, ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். நூல் நுழையவில்லை. மறுபடியும் பார்த்தாள். "வெயில்னு சொன்னியேடா," என்றாள். அவ்வளவுதான். பிறகு இயந்திரம் ஓடத் தொடங்கியது. அவர் கதவருகில் நிற்கிறார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாததுபோல் ஓடியது.

பெரிய சார் செய்தியைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. உங்க அந்தத் துகள் வாக்கியத்த அறிக்கை அட்டையிலேயே அச்சடிச்சாச்சு தெரியுமா? தங்க எழுத்து."

"மாத்தணும் சார்."

"மாத்தலாம். ஆனா அதுக்குன்னு தேயுதுன்னு சொல்லணுமா? 'வளர்ச்சி வேகம் எதிர்த்திசையில் சீராக உள்ளது'ன்னு போடுவோமே."

துகளார் கூட்டத்தில் எழுந்து தேய்கிறது என்றே சொன்னார். போகிற சேற்றை வருகிற சேறென்று எண்ணிவிட்டேன் என்றார். குழுவில் முன்பு அவர் வாக்கியத்தைக் குறித்துக்கொண்டவர் இப்போதும் குறித்துக்கொண்டார். கரையை உயர்த்தப் பரிந்துரைப்பது என்று முடிவாயிற்று. அது வந்து சேர இரண்டு மூன்று வருடங்கள் ஆகும். அதுவரை, கொந்தளிப்பு நாட்களில் மதகை முழுக்க மூடாமல் பாதி திறந்துவைப்பது. சேறு உள்ளே வரட்டும். வந்த சேறு தங்குகிறதா என்று மாதாமாதம் பார்ப்பது. தங்கவில்லை என்றால் தெருவையே காலி செய்வது. மீட்டரை யாரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. "கையால் அளந்து சொல்லுங்கள்," என்றார்கள்.

மதகு பாதி திறந்தால் தெருக்கோடிக்குத் தண்ணீர் வரும். அது துகளாருக்குத் தெரியும். மாமாவுக்கு போன் பண்ணிச் சொன்னார். மாமா கேட்டுக்கொண்டு, "சரி, மிஷின மாடிக்கு ஏத்திடறோம்," என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

முதல் கொந்தளிப்பு வந்தது. தண்ணீர் வந்தது. முழங்கால் அளவு நின்று, மறுநாள் மதியத்துக்குள் வடிந்தது. துகளார் துடைப்பத்தோடு கடைசி வீட்டுக்குப் போனார். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னறையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தரை முழுக்க, வழவழவென்று ஒரு மெல்லிய சேற்றுத் தோல். இயந்திரங்களின் இரும்புக் கால்களை மாடிக்கு ஏற்ற முடியவில்லை, அவற்றைச் சுற்றிச் சேறு வட்டமாகப் படிந்திருந்தது.

வாரக்கணக்கில் பேசாதிருந்தவள் தலை நிமிர்ந்தாள்.

"துகள் எங்க போய் உக்காரும்னு உங்க ஆபீஸ்ல தேடினாங்களாமே. என் மிஷின் அடியில உக்காந்திருக்கு. எழுதிக்கோ."

மாமா வாளியோடு திரும்பி நின்றுகொண்டார், சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல். துகளார் துடைப்பத்தைச் சேற்றில் இறக்கினார். அக்கா தடுக்கவும் இல்லை, இடம் விடவும் இல்லை. இருவரும் ஒரே அறையின் இரு மூலைகளிலிருந்து சேற்றைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். பின்சுவரில் ஈரம் இப்போது இடுப்பளவு ஏறியிருந்தது. அவர் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து, வற்றம் தொடங்கியதும், ஊசி தோளில் பலகையோடு சதுப்பில் இறங்கினாள். வழியில் துகளார் பலகையின் மறுமுனையைத் தோளில் வாங்கிக்கொண்டார். வடமேற்கு மூலையில் முக்காலிகளை நிறுத்தி, பலகையைப் போட்டார்கள். அவள் சட்டத்தைக் கம்பியின் தலையில் மாட்டி, இறுக்கி, ஒதுங்கிக்கொண்டாள்.

அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவையும் போனையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் பலகைமேல் குப்புறப் படுத்தார். வயிற்றுக்கு அடியில் பலகை ஈரமாக இருந்தது. முகத்துக்கு நேர் கீழே சேறு. அதன்மேல் புதிதாக ஒரு பூச்சு இருப்பதுபோல் தெரிந்தது, இல்லாததுபோலவும் தெரிந்தது. ஒரு நண்டு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனது. கரைச் சாலையில் ஒரு பஸ் வேகம் குறைந்து, ஜன்னல்களில் தலைகள் நீண்டு, மறுபடி வேகமெடுத்தது.

"எவ்வளவு?" என்றாள் ஊசி.

அவர் கையைக் காட்டி அடக்கினார். முனை சேற்றின் மேல்தோலுக்குப் பக்கத்தில் வந்ததும் மூச்சை நிறுத்தினார். தொட்டது. தொட்டதா, கொஞ்சம் அமுங்கியதா என்று நிச்சயமில்லை. ஊசியை மேலே இழுத்து, துடைத்து, மறுபடியும் இறக்கினார்.